வத்தல் மூட்டையில் இருந்த சான்றிதழ்கள்

ஒருவருடைய உழைப்பையெல்லாம் ஒரே பக்கத்தில் அடக்கித் தருவதுதான் ரெஸ்யூம் எழுதும் என் தொழில். அந்த ஒரு பக்கத்தை நிரப்ப நீங்களும் திணறியிருப்பீர்கள் என்பதால், இராமநாதபுரத்தில் என் மேசைக்கு எதிரே அமர்பவர்களின் பாடு உங்களுக்கு விளங்கும்.

விசாரிக்கத் தக்கவர்

புதுமடத்து ரியாஸ் படகு எஞ்சின் பழுதுபார்ப்பதில் கெட்டிக்காரர். தம்மைப் பற்றி விசாரிக்கத் தக்கவர் என்ற இடத்தில் தாய்மாமன் பெயரை எழுதி, பிறகு அடித்திருந்தார். உறவினர் பெயர் கூடாது என்பதை அறிந்தே அடித்தாரோ என்று மகிழ்ந்து கேட்டேன்.

"அதுக்கில்லக்கா. போன் பண்ணிக் கேட்டா எங்க மாமா உள்ளதச் சொல்லிப்புடுவாரு."

ஏழு ஆண்டுகள்

முத்துலட்சுமி, உத்தரகோசமங்கையில் விவசாயக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட வணிகவியல் பட்டதாரி. மிளகாய் வத்தல் கொள்முதல் செய்யும் நிறுவனம் ஒன்றில் தரம் பார்க்கும் வேலைக்கு விண்ணப்பிக்க வந்தார். அது கிடைக்காவிட்டால், மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போக வேண்டும். புறப்பட நாள்கூடக் குறித்தாயிற்று.

அவருடைய கோப்பைத் திறந்ததும் தொடர்ந்து நான்கு முறை தும்மினேன். பூச்சி அரிக்காமலிருக்கச் சான்றிதழ்களை வத்தல் மூட்டைக்குள் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். கண்களைத் துடைத்துக்கொண்டு படித்தேன். பட்டம் பெற்றபின் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு வரியும் இல்லை. களத்தில் வத்தல் காயவைத்ததும், வெளுத்ததைப் பொறுக்கித் தள்ளியதும், வியாபாரிகளிடம் வாதாடியதும் அவர்தான் என்பது, நான் துருவித் துருவிக் கேட்ட பிறகே வெளிவந்தது. அதை ஏன் எழுதவில்லை என்றேன்.

"அதெல்லாம் ஒரு வேலையாக்கா? வீட்ல சும்மா இருந்தப்ப பாத்ததுல்ல!"

மேலாளரின் தும்மல்

அந்த ஏழு ஆண்டுகளையும் முறைப்படுத்தி எழுதிக் கொடுத்தேன். சான்றிதழ்களைத் துடைத்துப் புதிய கோப்பில் வைக்க வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். நேர்காணலுக்கு மறுநாள் முத்துலட்சுமி வந்தார். என் எழுத்தைப் பற்றி மேலாளர் என்ன சொன்னார் என்பதே என் முதல் கேள்வி.

மேலாளர் அதைப் படிக்கவே இல்லையாம். முத்துலட்சுமி பழைய கோப்போடுதான் போயிருக்கிறார். திறந்த மேலாளர், தும்மி ஓய்ந்து காரணம் கேட்டிருக்கிறார். மூட்டைக் கதையைக் கேட்டதும், மேசைமீது மாதிரிக்கு வைத்திருந்த வத்தல்களை இவர் பக்கம் தள்ளிவிட்டாராம். முத்துலட்சுமி ஒவ்வொன்றையும் காதருகே குலுக்கி, காம்பைக் கிள்ளி முகர்ந்து, சரியாகக் காயாதது எது, போன வருஷத்துச் சரக்கு எது என்று பிரித்து வைத்துவிட்டார். திங்கட்கிழமை முதல் வேலை. திருப்பூர்ப் பயணம் நின்றுவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனாலும், நான் எழுதிய பக்கம் என்னவாயிற்று என்று கேட்காமலிருக்க முடியவில்லை.

"அது பத்திரமா இருக்குக்கா. சான்றிதழோட சேத்து மூட்டைக்குள்ள வச்சிட்டேன்."

ஒருவரை ஒரு பக்கத்தில் அடக்கிவிடலாம் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன். தும்மலை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்பது மட்டும்தான் இன்னும் பிடிபடவில்லை.