கன்னியம்மாவின் கிரைண்டரும் என் லோடு லிஸ்டும்

1. எண்ணத் தெரிந்தவன்

அம்பத்தூரில் இன்வெர்ட்டர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, முதலாளி தேவராஜ் ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார்.

"சேகரு, லோடு லிஸ்ட் எழுதாம யாருக்கும் பேட்டரி விக்காத. அது இன்னா ஓட்டப்போவுது, எவ்ளோ நேரம் ஓட்டப்போவுதுன்னு தெரிஞ்சாத்தான் வாயத் தொறக்கணும்."

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மத்தியானமானால் கரண்ட் போய்விடும். பெரிய லோடுக்குச் சின்ன பேட்டரியை மாட்டினால் அரை மணியில் படுத்துவிடும். சின்ன இன்வெர்ட்டரில் பெரிய பேட்டரியை மாட்டினால் சார்ஜ் ஏறி முடியாது. ஐ.டி.ஐ. படித்த எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தண்ணி பட்ட பாடு. அந்தத் திமிரும் நிறைய இருந்தது.

மேனாம்பேட்டிலிருந்து வந்த கன்னியம்மாதான் நான் தனியாகப் பார்த்த முதல் கஸ்டமர்.

"எத்தனை பேன் அக்கா?"

"ரெண்டு."

"டியூப் லைட்?"

"அதுவும் ரெண்டு கீது. ஒரு டி.வி. கீது."

வாட்ஸைக் கூட்டினேன். 600 வி.ஏ. இன்வெர்ட்டர், 12 வோல்ட், 135 ஏ.ஹெச். பேட்டரி. "மூணு மணி நேரம் தாராளமா ஓடும், கண்ண மூடிகினு வாங்கிட்டுப் போங்க" என்றேன். அந்த அம்மாவும் அப்படியே வாங்கிப் போனார்.

2. கேட்டதற்குப் பதில்

நாலாம் நாள் மத்தியானம் கடை வாசலில் வந்து நின்றார். முழங்கை வரை மாவு காய்ந்திருந்தது.

"இன்னா பொட்டி குடுத்த நைனா? கீ கீன்னு கத்திட்டு படுத்துக்குது!"

பின்னாலேயே சைக்கிளை மிதித்துப் போனேன். சமையலறையில் அரை ஹெச்.பி. கிரைண்டர் ஒன்று, ஊறிய அரிசி நிறைய. சுவிட்சைப் போட்டுக் காட்டினார். இன்வெர்ட்டர் வீறிட்டது, ஓவர்லோடு சிவப்பு விளக்கு எரிந்தது, எல்லாம் அடங்கிவிட்டது. கிரைண்டரை நிறுத்தி ரீசெட் பட்டனை அழுத்தியதும் பேனும் டி.வி.யும் மறுபடி ஓடின.

"அக்கா, கிரைண்டரையா இதுல போட்டீங்க?"

"வேற எதப் போடறது? மாவாட்டத்தான வாங்கினேன்."

"கடையில சொல்லவே இல்லையே!"

"நீ கேட்டியா? பேன் எத்தினி, லைட்டு எத்தினின்ன. எண்ணிச் சொன்னேன். பேன் காத்து வாங்கவா இத்தினி துட்டு போட்டு வாங்குவாங்க?"

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனுக்கு இட்லி மாவு அவர்தான் கொடுக்கிறார். கரண்ட் இல்லாமல் போன வாரம் இரண்டு நாள் மாவு போகவில்லை.

"இன்னிக்கு ஆறு மணிக்குள்ள போவலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்னு கேன்டீன்காரரு சொல்லிட்டாரு. அந்த மாவுலதான் எங்க ஊடே ஓடுது."

காலையில் பதினொரு மணிக்கே தெரு டிரான்ஸ்பார்மர் போய்விட்டதாம். ராத்திரிக்கு முன்னால் வராதாம். உளுந்து ஆட்டியாகிவிட்டது, அரிசிதான் பாக்கி.

தெருமுனை மருந்துக்கடையிலிருந்து முதலாளிக்குப் போன் போட்டேன்.

"அதுக்குப் பெரிய இன்வெர்ட்டர் வேணும்டா. 24 வோல்ட், ரெண்டு பேட்டரி. திங்கக்கிழமைதான் சரக்கு வரும்" என்றவர், கடைசியாக, "கேக்க வேண்டியதக் கேக்காம இன்னாத்தடா எழுதின?" என்றார். வெட்கமாக இருந்தது. என் அரைகுறைக் கேள்வியால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போகப்போகிறதே என்று பயமாகவும் இருந்தது.

3. தள்ளு ஸ்டார்ட்

திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னேன். "மோட்டார் கிளம்பறப்ப மட்டும் மூணு நாலு மடங்கு கரண்ட் இழுக்கும் அக்கா. ஓட ஆரம்பிச்சிட்டா கம்மியாயிடும். அந்த முதல் இழுப்பத்தான் இது தாங்கல."

"கிளம்பறதுதான் ரோதனையா?"

"ஆமா."

"அட, அத்த மொதல்லியே சொல்றதுக்கின்னா? எங்க ஊட்டுக்காரரு ஆட்டோவ தெனம் தள்ளித்தான எடுக்கறாரு."

"அக்கா, இது ஆட்டோ இல்ல…"

அவர் எங்கே கேட்டார்? அரிசி முழுவதையும் அண்டாவுக்கு மாற்றினார். கல்லைத் தூக்கி வெளியே வைத்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலி டிரம்மை இரண்டு கையாலும் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று சுழற்றிவிட்டுக் கையை எடுத்தார்.

"போடுப்பா சுச்ச!"

போட்டேன். இன்வெர்ட்டர் ஒரு தரம் 'கீ' என்றது. அப்புறம் கிரைண்டர் முனகிக்கொண்டே ஓட ஆரம்பித்தது! ஓடும்போதே கல்லை இறக்கினார், அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

பேட்டரியில் பாதி ஏற்கெனவே தீர்ந்திருந்தது. ஓடிப்போய் பேனை நிறுத்தினேன், லைட்டை நிறுத்தினேன், டி.வி.யையும் நிறுத்தினேன்.

"எவன்டா அது டி.வி.ய நிறுத்தினது?" என்று உள்ளேயிருந்து அவர் மாமியாரின் குரல்.

"இன்ஜினியரு, அத்தே!" என்று என்னைக் காட்டிக்கொடுத்தார் கன்னியம்மா.

முக்கால் மணி நேரம் வியர்வையில் குளித்துக்கொண்டு, மாமியாரிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு நின்றேன். கடைசிப் பிடி அரிசி விழுந்தபோது 'லோ பேட்டரி' சத்தம் வந்தது. கன்னியம்மா மாவைத் தொட்டுப் பார்த்தார்.

"கொஞ்சம் கொறகொறன்னு கீது. பரவால்ல, இட்லிக்கு இப்டித்தான் இருக்கணும்."

ஐந்தரைக்கு என் சைக்கிள் கேரியரில்தான் மாவுத் தூக்கு மண்ணூர்பேட்டைக்குப் போனது. கேன்டீன்காரர் மூடியைத் திறந்து பார்த்து, "நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துடணும்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று முதல் ஓய்வு பெறும் வரை என் லோடு லிஸ்டின் முதல் கேள்வி, 'கரண்ட் போனா உங்களுக்கு எது நிக்கக் கூடாது?' என்பதுதான். பேன் எண்ணிக்கையெல்லாம் அதற்கு அப்புறம்.

திங்கட்கிழமை பெரிய இன்வெர்ட்டரை மாட்டிவிட்டு, "இனிமே தள்ளவே வேணாம், சுவிட்ச மட்டும் போடுங்க" என்றேன். கன்னியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். டிரம்மைக் கையால் மூன்று சுற்று சுழற்றிவிட்டு, அப்புறம்தான் சுவிட்சைப் போட்டார்.

"போன தபாவும் நீ கண்ண மூடிகினு வாங்கச் சொன்னல்ல?"