மார்வா அக்கா ஏறிய படகு

ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் பாலைவனத்து ஊர்ச் சபையில் கடைசிப் பாட்டு தொடங்கியதும் வெர்லின் ஹாஸ்கெட் பின் பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே போய்விடுவார். பாட்டுப் பிடிக்காத மனுஷன் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒருநாள் நான் சமையலறையில் எலுமிச்சைச் சாறு கலக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெர்லின் கையில் ஒரு வாளி, அது நிறைய ஐஸ் தண்ணீரில் ஊறிய துண்டுகள். வயதானவர்களின் கார்களாகத் தேடித் திறந்து, தொட்டால் தோல் உரியும் ஸ்டியரிங்கின் மேல் துண்டைச் சுற்றிவைத்தார். போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் எல்லாத் துண்டையும் திரும்ப எடுத்துக்கொண்டு நிழலில் போய் நின்றுவிட்டார். வெளியே வந்த கிழவிகள், "இன்னைக்கு ஆண்டவர் வெயிலக் கொஞ்சம் தணிச்சிருக்கார்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

வெர்லினுக்கு ஏசி பழுதுபார்க்கும் வேலை. வாரம் முழுக்க ஊரார் வீட்டுக் கூரைமேல் கிடந்து வெந்துவிட்டு, சனிக்கிழமையானால் ஏரிக்குப் போய்விடுவார். அப்போது அவரிடம் ஒரு சிவப்புப் படகு இருந்தது. தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்து பறக்கிற ஜாதி. அதில் உட்கார்ந்தால் மனுஷன் இந்த உலகத்தில் இருக்கமாட்டார். கை ஸ்டியரிங்கில் இருக்கும், கண் தூரத்து மலைமேல் இருக்கும், மனசு எங்கே போயிற்று என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

எங்கள் ஏரியில் அலை எழக் காற்று வேண்டாம். விடுமுறை நாளில் பக்கத்துக் கலிபோர்னியாவே வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கும். ஒவ்வொரு படகும் ஓர் அலையை இழுத்துக்கொண்டு போகும். அந்த அலை பாறைச் சுவரில் முட்டித் திரும்பி வந்து இன்னொன்றோடு மோதும். எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர் புரண்டுகொண்டே இருக்கும்.

அப்படி ஒரு நாளில்தான் வெர்லினின் மனைவி மார்வா அக்கா படகின் முன்பக்கத்து மெத்தையில் உட்கார்ந்திருந்தார். குறுக்கே வந்த அலை அவரைத் தூக்கிப் போட்டது. இடுப்பு பலகையில் மோதியது. "வெர்லின், வெர்லின்" என்று கத்தியிருக்கிறார். எஞ்சின் சத்தம் ஒரு பக்கம், இவருடைய கனவு ஒரு பக்கம். காதில் விழவில்லை. படகு இன்னும் எத்தனையோ அலையில் ஏறி விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாராம்.

இடுப்பு ஆறிவிட்டது. ஆனால் அக்கா அதற்கப்புறம் படகில் கால் வைக்கவே இல்லை. மகள் குடும்பம் கோடையில் வரும், எல்லோரும் தண்ணீருக்குப் போவார்கள். அக்கா மட்டும் கரையில் குடைக்கடியில் உட்கார்ந்து தர்ப்பூசணி நறுக்கிக்கொண்டிருப்பார். கூப்பிட்டால், "நான் கரைக்காரி. நீங்க போய்ட்டு வாங்க" என்பார்.

இந்த ஒரு வார்த்தை வெர்லினை அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் சிவப்புப் படகை விற்றுவிட்டார். மார்வா ஏறுகிற ஒரு படகு எங்கேயாவது இருக்கும் என்று தேட ஆரம்பித்தார். வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் ஓட்டிப் பார்ப்பார். வீட்டுக்கு வந்து, "மார்வா, தொட்டில் மாதிரி போகுது!" என்பார். அடுத்த வாரம் வேறு ஒன்று, அதுவும் தொட்டில்தான்.

ஒரு புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து அவர்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா பொறுமையாகச் சொன்னார்.

"ஏன் மனுஷா, விடியக்காலைல ஏரி கண்ணாடி மாதிரி கிடக்கும். அப்ப நம்ம வீட்டுக் கதவப் பேத்துப் போட்டாகூடத் தொட்டிலாட்டந்தான் போகும்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"மே மாசக் கடைசி லீவு வருதில்ல? அந்தச் சனிக்கிழம மத்தியானம் ஓட்டிக் காட்டு."

"அன்னைக்கா! அன்னைக்கு மீனே வெளிய வராது, மார்வா."

"மீனையா கூட்டிட்டுப் போகப்போற? சிஸ்டர் கூட வந்தா நானும் வரேன்."

என்னைக் கேட்காமலே என் பெயர் சேர்ந்துவிட்டது. நான் வெர்லினைப் பார்த்தேன். அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அக்கா வருகிறேன் என்று சொன்ன பிறகு வேறு எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

படகு விற்கிற கிளீட் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணே, அந்தக் கூட்டத்துல யாராவது படகு பாப்பாங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டான். கடைசியில் இரண்டு படகுகளைத் துறையில் கொண்டுவந்து கட்டினான்.

முதலாவது, இரண்டு நீளக் குழாய்மேல் மிதக்கிற தட்டைப் படகு. மேலே சோபா, விரிப்பு, நல்ல நிழல். வீட்டுக்கூடம் நகர்ந்து போகிறது போல இருந்தது. அக்காவும் சிரித்துவிட்டார். நடு ஏரிக்குப் போனோம். இரண்டு பக்கத்து அலையும் சேர்ந்து எதிரே வந்தது. படகின் தட்டை மூக்கு அதற்குள் புகுந்துவிட்டது. தண்ணீர் உள்ளே ஏறி எங்கள் முழங்காலை நனைத்தது, என் செருப்பு ஒன்று போயே போய்விட்டது. அக்கா கம்பியைப் பிடித்த பிடி விடவில்லை. முகம் வெளுத்துப்போயிற்று. கரைக்கு வந்ததும் முதல் ஆளாக இறங்கினார்.

இனி ஏறமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். வெர்லினும் அப்படித்தான் நினைத்திருப்பார். "போதும் மார்வா. வீட்டுக்குப் போலாம்" என்றார்.

"இன்னொண்ணு இருக்கில்ல?" என்றார் அக்கா.

அந்த இன்னொன்றுக்கு அழகு கிடையாது. ரொட்டிப்பெட்டி மாதிரி உயர்ந்த பக்கங்கள், கூர்ந்து ஆழமான அடி, மேலே சாயம் போன துணிக்கூரை. அக்கா முன்பக்கம் போகவில்லை. வெர்லினுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். நான் மனசுக்குள் சங்கீதம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கூட்டத்துக்கு நடுவே போனதும் அக்கா மெல்லக் கூப்பிட்டார். "வெர்லின்."

"என்ன?" அவர் திரும்பினார்.

"ஒண்ணுமில்ல."

கொஞ்ச தூரம் போனதும், இன்னும் மெதுவாக, "வெர்லின்."

"சொல்லு."

"ஒண்ணுமில்ல. ஓட்டு."

மூன்றாவது தடவை உதடுதான் அசைந்தது. பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. அவர் திரும்பினார். அதே நேரம் பெரிய அலை ஒன்று குறுக்கே வந்தது. "அலை" என்றார் அக்கா. வெர்லின் வேகத்தைக் குறைத்தார். படகு மூக்கைத் தூக்கி ஏறி, மூச்சு விடுகிற மாதிரி இறங்கியது.

எங்களோடு வந்திருந்த கிளீட் பின் இருக்கையிலிருந்து, "எஞ்சின் எவ்வளவு அமைதி பாத்தீங்களாக்கா?" என்றான்.

"எஞ்சின யாரு பாத்தா தம்பி? நான் இந்த மனுஷன ஓட்டிப் பாத்துட்டிருக்கேன்."

வெர்லின் சிரிக்கவில்லை. முன்னால் பார்த்தபடியே ஒரு கையை நீட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பொழுது சாய்ந்து, மலைகள் ரோஜா நிறத்தில் கரைந்துகொண்டிருந்தன. சுற்றிலும் இரைச்சலும் பாட்டும் கூச்சலும். எங்கள் படகில் மட்டும் ஆராதனை முடிந்த கோவில் போல ஓர் அமைதி இருந்தது.

அந்தப் படகைத்தான் வாங்கினார்கள். அப்புறம் எத்தனையோ சனிக்கிழமைகள். நிழல்துணிக்கடியில் உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டுக்கொண்டு, ஏரி எங்களைத் தூக்கித் தூக்கி இறக்க, பேசியும் பேசாமலும் மிதந்திருக்கிறோம். மகள் குடும்பம் வந்தால் அக்காதான் முதலில் ஏறி உட்கார்ந்திருப்பார். மோட்ச ராஜ்யத்தில் தண்ணீர் உண்டென்றால் அது இப்படித்தான் இருக்குமென்று நினைத்துக்கொள்வேன்.

வெர்லின் ஒரு ஜனவரியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், வீட்டில், தூக்கத்திலேயே. அதற்கு முந்தின அக்டோபரில்தான் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். அப்போது நான் டூசான் நகரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் புறப்பட்டிருந்தேன். சொல்லிக்கொண்டு போகலாமென்று சாயங்காலம் துறைக்குப் போனேன். கூட்டமெல்லாம் கலைந்து, ஏரி அசையாமல் கிடந்தது. துறையிலிருந்து கொஞ்சம் தள்ளி அவர்கள் படகு, எஞ்சின் நிறுத்தி, சும்மா நின்றது. நான் கையை உயர்த்திக் கூப்பிட வாயெடுத்தேன். வெர்லின் உதட்டில் விரலை வைத்தார். துடுப்பால் ஓசைப்படாமல் தள்ளி என் கிட்டே வந்து, குனிந்து, ரகசியமாகச் சொன்னார்:

"சத்தம் போடாதீங்க சிஸ்டர். மார்வா தண்ணி மேல தூங்குறா. எழுப்ப மனசு வரல. நீங்க பத்திரமாப் போய்ட்டு வாங்க, நாங்க இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே கிடக்கிறோம்."