உப்பு போட்ட ஐஸ்

அன்று வீட்டில் அம்மா, அண்ணன், மதினி, நான் என நான்கு பேர் இருந்தோம். அப்பா இல்லை, தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த இரண்டு இன்சுலின் குப்பிகள் நடுவில் இருந்தன. எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வயது இருபத்திரண்டு. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். துறைமுகத்தில் எழுத்தர் வேலை.

"குளிர்ச்சியான இடத்துல வைக்கணும்னு போட்டிருக்கு" என்று குப்பியோடு வந்த தாளைப் பார்த்துச் சொன்னேன்.

"அது நம்ம வேலைல்லா!" என்றான் அண்ணன். மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைப்பவன் அவன். ஒரு மரப்பெட்டியில் ஐஸை நொறுக்கிப் போட்டு, சீலா மீனுக்குச் செய்வதுபோல் இரண்டு கை உப்பும் தூவி, குப்பிகளை உள்ளே புதைத்தான். தினமும் புது ஐஸ் கொண்டுவந்தான்.

காலையில் சிறுநீரில் எட்டுச் சொட்டை நீலக் கரைசலில் விட்டுக் காய்ச்சுவேன். நிறம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை, நல்லது. எனக்கோ தினமும் செங்கல் நிறம்தான். குப்பியை முன்னதாகவே வெளியே எடுத்துவைத்து, ஊசியைக் கொதிக்கவைத்து, அளவு பிசகாமல் போட்டுக்கொண்டேன். சோற்றையும் அளந்து தின்றேன். ஆனாலும் தாகம் அடங்கவில்லை, சட்டை தொளதொளத்தது.

"ஏலே, உண்மையச் சொல்லு. ஆபீஸ் போற வழியில மிட்டாய்க் கடைல மக்ரூன் திங்குதியா?"

"இல்லண்ணே."

"பின்ன நானா திங்கேன்?"

அவன் கேட்கக் கேட்க எனக்கே சந்தேகம் வந்தது. அறியாமல் எதையாவது தின்றுவிடுகிறேனோ? ஒருநாள் சட்டைப்பையைத் திருப்பித் துகள் இருக்கிறதா என்று பார்த்தேன்.

பத்தாம் நாள் மதினிதான் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது என்ன தம்பி, பால் திரிஞ்ச மாதிரி கட்டி கட்டியா கெடக்கு?"

அண்ணனும் நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கதையைக் கேட்ட கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார். "உப்பு போட்ட ஐஸா? உறைஞ்சா மருந்து செத்துப்போகும்லே! இது என்ன சீலாவா? ஈர மணல் போட்ட பானை போதும்." என் தாளை வாங்கி ஒரு வரியில் விரல் வைத்தார். உறையவிடக் கூடாது. நான் படித்து நிறுத்திய வரிக்கு அடுத்த வரி.

திரும்பும் வழியில் அண்ணன் பானைக் கடை வாசலில் நின்று, "மக்ரூன்னு சொன்னேன்லா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். நானும், "அடுத்த வரிய நான் படிக்கலண்ணே" என்றேன்.

பழைய குப்பிகள் இரண்டும் வீண். புதுக் குப்பிகளுக்கும் பானைக்குமாக, என்னைத் தரவிடாமல் அவன் தன் கூலியிலிருந்து கொடுத்தது இருபத்தொரு ரூபாய்.