வூட்ல கீது

பார்சலைப் பிரித்ததும் முதல் கேசட்டை நான்தான் எடுப்பேன் என்று பாயிடம் முன்பே சண்டை போட்டுச் சம்மதம் வாங்கி வைத்திருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி அவருடைய கேசட் கடை. சினிமாப் பாட்டைப் பதிந்து கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த மனிதருக்குத் தானே ஒரு கேசட் வெளியிட்டுப் பார்க்கும் ஆசை வந்து, என்னை நம்பிப் பணம் போட்டிருந்தார். நானே கட்டி நானே பாடிய பாட்டுகள். என் முதல் கேசட். அட்டையில் எண்ணெய் வழியும் என் முகம். அதற்கு மேலே தலைப்பு. படித்தேன். நம்பாமல் இன்னொரு முறை படித்தேன்.

"வீட்டு கீதம்."

"இன்னா பாய் இது?"

"ஏம்மா, நல்லாத்தானே கீது?"

"நான் எழுதிக் குடுத்தது வூட்ல கீது, பாய்! வூட்ல கீது!"

எங்கள் பக்கத்தில் 'இருக்கிறது' என்பதைத்தான் 'கீது' என்போம். சாவி கீதா, கீது. சோறு கீதா, கீது. சென்னையில் அட்டை அச்சடித்த புண்ணியவான், ஒரகடத்துப் பெண்ணுக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்று அவனே முடிவு கட்டி, தன் தமிழறிவைக் காட்டிவிட்டான். அவன் மட்டும் அப்போது எதிரில் இருந்திருந்தால் நான் தேவாலயத்தில் பாடுகிற பெண் என்பதையே மறந்திருப்பேன்.

அது 1991. அந்த வருஷம் எங்கள் தாலுகாவின் பெயர் உலகத்து ரேடியோக்களில் எல்லாம் அடிபட்டது. அது வேறு கதை, அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு 1991 என்றால் இந்தக் கேசட்தான்.

அப்போது ஒரகடத்தில் கார் கம்பெனியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. வேலைக்குப் போக வேண்டும் என்றால் படப்பை வழியாகத் தாம்பரம் பஸ்ஸில் தொங்க வேண்டும். தாம்பரத்தில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனி ஒன்றில் நான் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். சூப்பர்வைசர் சட்டையைத் தூக்கிக் காட்டி, "கவனம் எங்கம்மா இருக்கு?" என்று கத்தினார். என் வாய் சும்மா இருக்குமா? "வூட்ல கீது சார்!" என்றேன். லைன் மொத்தமும் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார், பாவம்.

அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸிலேயே பாட்டு வந்துவிட்டது. நான் கேட்க, கூட வந்த பெண்கள் பதில் சொன்னார்கள்.

கையி எங்க கீது? மிசினு மேல கீது.
கண்ணு எங்க கீது? ஊசி மேல கீது.
மனசு எங்கடி கீது?
வூட்ல கீது, வூட்ல கீது.

கண்டக்டர் விசில் அடிக்க மறந்து வாலாஜாபாத் போகிறவரைப் படப்பையிலேயே இறக்கிவிடப் பார்த்தார். அப்படி ஒரு கூத்து!

இதற்கு இசை போட்டது என் அத்தை மகன். சபையில் கிட்டார் வாசிப்பவர், என்னைக் கண்டால் தந்தியைப் பார்த்தபடியே பேசுவார். சென்னை நடைபாதையில் அட்டையில்லாத பழைய கேசட் ஒன்றை வாங்கி வந்து எனக்குப் போட்டுக் காட்டியிருந்தார். அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருத்தி கோயிலில் பாடுகிறாள். பாஷை புரியவில்லை, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் கேட்கிறாள், கூட்டம் பதில் சொல்கிறது. "எங்கம்மா நடவு நடும்போது இப்படித்தானே பாடும்?" என்றேன். "அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் தந்தியைப் பார்த்தபடியே. கிட்டார் கட்டையில் அவர் விரலால் தடதடவென்று தட்டினால் தையல் மிஷின் ஓடுகிற மாதிரியே இருக்கும். என் பாட்டெல்லாம் அந்தத் தடதடப்பின் மேல்தான் நடந்தது.

சென்னையில் ஒரு வீட்டு மாடி அறைதான் ஸ்டூடியோ. சுவரெல்லாம் தென்னை நார் மெத்தை. ஒலிப்பதிவு செய்தவர் முதல் வரியிலேயே நிறுத்தினார். "கீது ரொம்ப லோக்கலா இருக்கும்மா. 'இருக்கு'ன்னு மாத்திப் பாடிடேன்."

"இருக்குன்னா அது வேற யாரோ பாடுற பாட்டு சார். என் மனசு வூட்ல கீது. வீட்டில் இருக்கலை."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் பாடி முடித்தபோது ஹெட்போனைக் கழற்றாமல் அவரே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஜெயிச்சாச்சு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அப்படி ஸ்டூடியோவில் காப்பாற்றிய சொல்லைத்தான் அச்சாபீஸில் பறிகொடுத்தேன்.

"விடும்மா, கீதம்னா உங்காளுங்க வாங்குவாங்க" என்று பாய் சமாதானம் சொன்னார். எங்களவர்கள் வாங்கத்தான் செய்தார்கள். வீட்டு ஜெபக்கூட்டத்துக்கான பாட்டு என்று நினைத்து வாங்கிப்போய், மறுநாளே திரும்ப வந்தார்கள். "இன்னா பாய், ஆண்டவர் பேரே வரல. காலரு, காஜா, ஊசின்னு பாடிகினு கீது!" பாட்டுக்காகவே தேடி வந்த என் கம்பெனிப் பெண்களிடம் பாயின் தம்பி, "வூட்ல கீதா? அந்தப் பேர்ல ஒன்னும் வர்லியே" என்று கையை விரித்திருக்கிறார். வேண்டாதவர்களுக்குக் கிடைத்தது, வேண்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

பாயும் எவ்வளவுதான் பொறுப்பார்? "கிறிஸ்துமஸ் வரைக்கும் வெச்சிப் பாக்குறேன்மா. நவுரலன்னா அழிச்சிட்டு சினிமாப் பாட்டு ஏத்திடுவேன். தப்பா எடுத்துக்காத" என்றார். அந்தக் கடையில் அது தினமும் நடக்கிற வேலை. மேலே வேறெதுவும் பதியாதிருக்க உடைத்து வைத்த கேசட்டின் காதில் ஒரு துண்டு டேப் ஒட்டி, சிவப்புப் பட்டனை அமுக்கினால் போதும், பழைய குரல் போயே போச்சு. அடுக்கடுக்காக நின்ற என் குரலைப் பார்த்தேன்.

வீட்டிலோ நேர்மாறு. அப்பாவுக்கு ஒரே குஷி.

என் அப்பா அரிசி மில்லில் மிஷின் ஓட்டுபவர், சபைக் கமிட்டி உறுப்பினர். வேதப்புத்தகத் தமிழ் தவிர வேறெதுவும் அவருக்குத் தமிழே இல்லை. அதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் சென்னையில் ஒரு ஆபீசுக்கு வேலை கேட்டுப் போனபோது, அவர் வாயைத் திறந்ததுமே அங்கிருந்தவர்கள் அவரைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தார்களாம். அதிலிருந்து வீட்டில் நாங்கள் 'கீது' என்றால் பாய்ந்து வருவார். "வேதத்துல எங்கனா 'கீது'ன்னு கீதா?" என்று அதட்டுவார். நாங்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்வோம். அவருக்குக் கடைசிவரை புரியாது.

நான் பாட சென்னைக்குப் போனதிலிருந்து என்னோடு சரியாகப் பேசாதவர், அட்டையில் 'கீதம்' என்று பார்த்ததும் முகமெல்லாம் பல்லானார். வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் கேசட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு சைக்கிள் ஏறிவிட்டார். எங்கே கொண்டுபோனார் என்பது அடுத்த ஞாயிறுதான் தெரிந்தது.

அன்று எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. அவரவர் வீட்டில் விளைந்ததில் முதலாவதைக் கொண்டுவந்து படைப்போம். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் தேவாலய வாசலில் ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், புது நெல், காலைக் கட்டிய சேவல். அந்தக் குவியலின் நடுவில், ஒரு தாம்பாளத்தில், வெற்றிலையின் மேல் என் கேசட்! என் மகளின் முதற்பலன் என்று அப்பா கொடுத்திருக்கிறார். ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது.

ஏலம் விட்டவர் ஓய்வுபெற்ற வாத்தியார், நல்ல கணீர்க்குரல். "அடுத்து, நம்ம சபைப் பிள்ளை பாடிய வீட்டு கீதம்!"

கூட்டத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "பாடுதா பாடலியான்னு போட்டுக் காட்டு வாத்தியாரே! அப்புறம்தான் கேப்போம்."

மைக்செட்காரர் கேசட்டைப் போட்டார். குழாய் ஸ்பீக்கரில் தடதடவென்று சத்தம். மிஷின் தகராறு என்று நினைத்து அவர் பெட்டியைத் தட்டினார். சத்தம் நிற்கவில்லை. அதன் மேலே என் குரல் ஏறியது.

கையி எங்க கீது?

வாசலில் இருந்த தலையெல்லாம் ஸ்பீக்கர் பக்கம் திரும்பியது. சேவல்கூட வாய் திறக்கவில்லை. போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அப்பாவின் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல் நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மனசு எங்கடி கீது?

"வூட்ல கீது, வூட்ல கீது!"

இது ஸ்பீக்கரில் வந்ததல்ல. பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த என் அம்மா! நான் சமைக்கும்போது முணுமுணுத்ததைக் கேட்டுக் கேட்டு, நடவில் பாடுகிற அதே தொண்டையில் எடுத்துவிட்டாள். அடுத்த முறை கேள்வி வந்தபோது பெண்கள் வரிசை முழுக்கப் பதில் சொன்னது. அதற்கடுத்த முறை ஆண்கள் பக்கமும். கிட்டார்க்கார அத்தை மகன் வாழ்க்கையில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்த நடைபாதைக் கேசட்டில் கேட்ட கோயில் எங்கள் ஊருக்கே வந்துவிட்டது!

பாட்டு முடிந்தது. போதகர் மெதுவாகக் கேட்டார். "இது என்ன கீதம்?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் வாத்தியாரிடமிருந்து மைக்கை வாங்கினார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"சபையார் மன்னிக்க வேண்டும்" என்று வேதப்புத்தகத் தமிழில்தான் ஆரம்பித்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார். இன்னொரு தரம் கனைத்தார். "அட்டையில தப்பாக் கீது. இது கீதம் இல்ல, கீது. வூட்ல கீது. எம் பொண்ணு வெச்ச பேரு. நாம அப்டித்தான பேசறோம்? இன்னா சிரிப்பு? வாத்தியாரே, ஏலத்த வுடு!"

கைதட்டலில் சேவல் கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. ஏலம் கேட்ட முதல் ஆள் அப்பா. அவருக்கு மேலே கேட்டது யார் தெரியுமா? அம்மா! இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக்கொண்டே போக, ஒரே வீட்டுக்குள் ஏலமா என்று போதகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் அம்மாதான் எடுத்தாள்.

மறுநாள் அப்பா மில்லுக்கு லீவு போட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறினார். வீட்டில் சொல்லாமல் போனவரை, பஸ் ஏறியதைப் பார்த்தவர்கள் சொல்லி, வேலை முடிந்து நான் தேடிக்கொண்டு போனேன். பாய் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மடியில் என் கேசட்டுகளைக் குவித்துக்கொண்டு, ஒவ்வொரு அட்டையிலும் 'வீட்டு கீதம்' என்பதைப் பேனாவால் அடித்து, மேலே குண்டு குண்டாக 'வூட்ல கீது' என்று எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாய் டீ கிளாஸோடு நின்றார். என்னைப் பார்த்ததும் அப்பா எழுதி முடித்ததை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த அட்டையை எடுத்தார். எனக்குக் கண் கலங்கியது.

அந்த நேரம் கம்பெனிப் பெண் ஒருத்தி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பெரியவரே, வூட்ல கீது கீதா?"

எழுதுவதை நிறுத்தாமல், தலையை நிமிர்த்தாமல் அப்பா சொன்னார்.

"கீது."