பன்னிரண்டாவது படிவம்

பள்ளி அலுவலகத்தில் அவளுக்கு வேறு ஏதோ பதவிப் பெயர் உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதைப் பார்க்க முடியாது. பிள்ளைகளுக்கு அவள் அட்டவணைக்கா. ஆசிரியர்களுக்கும் அப்படியே. அவளைவிடப் பத்து வயது மூத்த கணக்கு சார்கூட வாசலில் நின்று, "அட்டவணைக்கா, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் மட்டும் எனக்குப் போட்டுடாதீங்க" என்று கெஞ்சுவார். உதட்டோரம் நாலைந்து குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருப்பதால் அவளால் "ம்" என்று மட்டும்தான் பதில் சொல்ல முடியும். அந்த "ம்" சம்மதமா மறுப்பா என்பது அட்டவணை வெளியாகும்வரை யாருக்கும் தெரியாது.

ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகள் மட்டுமே உள்ள பள்ளி அது. அவள் மேசைக்குப் பின்னால் சுவரை அடைத்து ஒரு பலகை நிற்கும். கட்டாயப் பாடங்களுக்கு வெள்ளைச் சீட்டு, விருப்பப் பாடங்களுக்கு வண்ணச் சீட்டு. மொழியும் கணக்கும் அறிவியலும் சமூகமும் வீட்டுப் பெரியவர்கள் மாதிரி நல்ல இடமாகப் பார்த்து முதலில் உட்கார்ந்துவிடும். மரவேலை, சமையல், ஓவியம், சேர்ந்திசை, தோட்டம், நாடகம் எல்லாம் மிச்ச இடத்தில் ஒண்டிக்கொள்ள வேண்டும். செவ்வாயும் வியாழனும் ஆறாவது பீரியட் அவற்றுக்கு. பிள்ளைகள் வாரம் முழுக்கக் காத்திருப்பது அந்த ஒண்டுக்குடித்தனக்காரர்களுக்காகத்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

விருப்பப் பாடத்துக்கு ஒரு படிவம் உண்டு. எந்தப் பாடம் வேண்டும், ஏன் வேண்டும், கீழே பெற்றோர் கையெழுத்து. ஒரு பாடத்துக்குப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் அது நடக்கும். பதினொன்று என்றால் நடக்காது. கேட்ட பிள்ளைகளை வேறு வகுப்புகளில் திணிக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் சில படிவங்கள் காலியாகவே வரும். விதிப்படி முதலில் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் எங்கே இடமிருக்கிறதோ அங்கே அவளே போட்டுவிடலாம். பத்தொன்பது வருடங்களாக அப்படித்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆள் குறைகிற வகுப்புக்குக் காலிப் படிவம் கைகொடுக்கும்.

அவளும் ஒரு காலத்தில் காலிப் படிவம்தான். பன்னிரண்டு வயதில் படிவம் கொடுத்த வாரம் கன்னம் இரண்டும் வீங்கி, பொன்னுக்கு வீங்கியில் படுத்துக்கிடந்தாள். திரும்பி வந்தபோது அவள் பெயர் தட்டச்சில் இருந்தது. தட்டச்சு தெரிந்ததால் அலுவலக வேலை கிடைத்தது. வேலைக்குப் போய் வந்த பேருந்தின் ஓட்டுநரே பிறகு கணவரானார். "உனக்குக் கன்னம் மட்டும் வீங்காம இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்பார் அவர். அவளும் சிரிப்பாள். அன்றைக்குக் கேட்டிருந்தால் எந்தப் பாடத்தைச் சொல்லியிருப்போம் என்று எப்போதாவது யோசித்துப் பார்ப்பாள். பிடிபடாது. யாரும் கேட்காததால் அப்படி ஒரு பதிலே உண்டாகாமல் போயிருந்தது.

இந்த வருடம் தலைமையாசிரியை புதிதாக ஒரு பாடம் சேர்த்திருந்தார். சைகை மொழி. ஊரின் மறுகோடியிலிருந்து ஒருவர் வாரம் இரண்டு முறை வந்து சொல்லித்தர ஒத்துக்கொண்டிருந்தார். படிவங்களை முடிவாக்கிப் பூட்டும் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வியாழன் மதியம் அவள் எண்ணிப் பார்த்தபோது சைகை மொழிக்குப் பதினொன்று. மறுபடி எண்ணினாள். அதே பதினொன்று.

கைவிடலாம் என்றால் மனம் வரவில்லை. அந்தப் பதினொன்றில் ஒரு ஏழாம் வகுப்புப் பெண் "ஏன்" என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "என் தோழியின் அம்மாவுக்குக் காது கேட்காது. அவர்கள் வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றாலும் அவள் மூலமாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நானே கேட்க வேண்டும்."

மீதியிருந்தது ஒரே ஒரு காலிப் படிவம். அதே ஏழாம் வகுப்பில் 'வக்கீல்' என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணுடையது. வாயாடி என்பதால் அந்தப் பெயர் வந்திருக்கும் என்று அட்டவணைக்கா நினைத்திருந்தாள். அன்று அவள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போன் செய்ததும் எடுத்தது அவளேதான்.

"வீட்டுல பெரியவங்க யாராவது இருக்காங்களாம்மா?"

"இருக்காங்க. பேச மாட்டாங்க."

"ஏன், கோவமா?"

"இல்லக்கா. ரெண்டு பேருக்கும் காது கேக்காது. நீங்க சொல்லுங்க, நான் சொல்லிடறேன்."

அவளுக்கு எல்லாம் விளங்கியது. வக்கீல் என்ற பெயர் எதனால் என்றும், தண்ணீர் பற்றி எழுதியிருந்த பெண்ணின் தோழி யார் என்றும். கூடவே பலகைக்காரியின் புத்தி இன்னொரு கணக்கும் போட்டது. இதோ பன்னிரண்டாவது ஆள். இவளுக்குத் தெரிந்த மொழி, சும்மா உட்கார்ந்திருந்தாலே மார்க் விழும். படிவத்தில் எழுதிப் பூட்ட வேண்டியதுதான் பாக்கி. பேனாவைத் திறந்தும்விட்டாள். ஆனால் பெற்றோரிடம் கேட்டாகிவிட்டது என்று படிவத்தில் உள்ள ஒரு கட்டத்துக்குள் அவள் குறி போட வேண்டும். அவர்களிடம் யார் கேட்டது? அந்தப் பெண்ணே கேட்டு, அந்தப் பெண்ணே பதில் சொன்னால் அது கேட்டதாகுமா? பேனாவை மூடிவிட்டு, "சாயங்காலம் நானே வர்றேன்னு சொல்லிடு" என்றாள்.

மாடியில் இரண்டு அறை வீடு. அழைப்பு மணியை அழுத்தினாள், சத்தமே இல்லை. ஜன்னல் வழியாக உள்ளே ஒரு பல்பு விட்டுவிட்டு எரிவது தெரிந்தது. வக்கீல் வந்து கதவைத் திறந்தாள். முன்னறை முழுக்க சோபா. உட்காரத்தான் ஒன்றுமில்லை, எல்லாம் தோலுரித்துப் போட்டது போல மரமும் ஸ்பிரிங்குமாக நின்றன. அப்பா சோபாவுக்கு ஆணியடித்துப் பஞ்சு வைப்பவர், அம்மா உறை தைப்பவள். அன்று காலை வங்கியில் ஏதோ கையெழுத்து விஷயம், மகள் இல்லாமல் முடியாது என்பதால்தான் அவள் பள்ளிக்கு வரவில்லை.

அட்டவணைக்கா வக்கீலைப் பார்த்து, "அப்பாகிட்டச் சொல்லு, விருப்பப் பாடம்னு ஒண்ணு" என்று தொடங்கியதும் அப்பா மேசையைத் தட்டினார். தன் முகத்தை விரலால் காட்டினார். என்னைப் பார்த்துப் பேசுங்கள் என்கிறார் என்பது யாரும் சொல்லாமலே புரிந்தது. அவள் வெட்கத்துடன் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னாள். மகள் கைகளால் அதைச் சொன்னாள். அப்பாவும் அம்மாவும் மாறி மாறி நெடுநேரம் கையசைத்தார்கள். அம்மாவின் கை நடுவில் ஒருமுறை மகளின் தோளைத் தொட்டுவிட்டுப் போனது.

"என்ன சொல்றாங்க?"

"சரின்னு சொல்றாங்க."

"இவ்ளோ நேரம் கை வலிக்கச் சொன்னது 'சரி'ங்கிற ஒரு வார்த்தையா? உன்னை வக்கீலா வெச்சா கட்சிக்காரன் ஜெயிலுக்குத்தான் போவான்."

வக்கீல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்பா இருவர் முகத்தையும் பார்த்தார். துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியை எடுத்து, மடியில் கிடந்த கறுப்பு ரெக்சின் துண்டில் எழுதி நீட்டினார். "என்ன பாடம் வேண்டும் என்று தினமும் கேட்கிறோம். எதுவானாலும் சரி என்கிறாள். எங்களுக்கு சைகை மொழி என்றால் சந்தோஷம். ஆனால் அவள் முகம் சரி என்று சொல்லவில்லை."

"அவர் சொல்றது நெசமா?" என்று அட்டவணைக்கா கேட்டாள்.

வக்கீல் கைகளை இறுகக் கட்டிக்கொண்டாள். கைகளைக் கட்டிக்கொண்டால் அந்த வீட்டில் வாயை மூடிக்கொண்ட மாதிரி. பிறகு, தாயும் தகப்பனும் எதிரே உட்கார்ந்திருக்க, வாயால் மட்டும் பேசினாள்.

"எனக்கு அந்த கிளாஸ் வேண்டாங்கா. காலையில பேங்க்ல நான் பேசணும். ஆஸ்பத்திரியில நான் பேசணும். வீட்டு ஓனர் திட்டினா அதையும் நான்தான் இவங்ககிட்டச் சொல்லணும். அதுல பாதியச் சொல்ல மாட்டேன், அது வேற. ஸ்கூல்லயும் அதேன்னா எப்படி? சார் வேற என்னையே நிக்க வெச்சு, நீ செஞ்சு காட்டு, நீ செஞ்சு காட்டும்பார்."

"வேற என்ன வேணும்?"

"மரவேலை."

"மரவேலையா? ஏன்?"

"அங்க மிஷின் சத்தத்துல யாரும் யார்கிட்டயும் பேச முடியாதாம்."

அட்டவணைக்கா அவள் பக்கம் குனிந்து, "இதை இவங்ககிட்டச் சொல்லேன்" என்றாள்.

"வேண்டாம்னு எப்படிச் சொல்றது? அவங்க மொழிதானே அது. வேண்டாம்னா அவங்களையே வேண்டாம்னு சொல்ற மாதிரி இருக்கு."

"நான் எழுதட்டுமா?"

வக்கீல் தரையைப் பார்த்தாள். பிறகு சம்மதமாகத் தலையசைத்தாள்.

அட்டவணைக்கா சாக்குக்கட்டியை வாங்கினாள். மற்றதையெல்லாம் எழுத அவளுக்கு உரிமையில்லை என்று தோன்றியது. "இவளுக்கு மரவேலை பிடிக்கும். நீங்கள் வருத்தப்படுவீர்களோ என்று பயம்" என்று மட்டும் எழுதினாள்.

அப்பா படித்துவிட்டு உரக்கச் சிரித்தார். அந்த வீட்டில் அவள் கேட்ட முதல் பெரிய சத்தம் அது. மகளைப் பார்த்துக் கையசைத்தார். இந்த முறை வக்கீல் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்: "'வீட்டுல நாள் பூரா ஆணி அடிக்கிற சத்தம் உனக்குத்தான் கேக்குது. அது போதாதுன்னு அங்க போயும் ஆணி அடிக்கப் போறியா'ன்னு கேக்கறாரு." பிறகு அம்மா ஏதோ சொன்னாள். மெதுவாக, நெஞ்சுக்குப் பக்கத்திலேயே கைகளை வைத்துக்கொண்டு. வக்கீலின் காதுமடல் சிவந்தது. அதை அவள் சொல்லவில்லை. அட்டவணைக்காவும் கேட்கவில்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

பதினொன்று பதினொன்றாகவே நின்றது.

வீட்டில் ஓட்டுநர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

"கையில கெடச்ச ஆளைக் கீழ எறக்கி விட்டுட்டு வந்திருக்க" என்றார்.

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

"நல்ல வேலைதான் பண்ணியிருக்க. ஆனா அந்தக் கூட்டாளிப் பொண்ணு பாவம். தண்ணி கேக்க முடியாது."

"அதான் நெஞ்சை அறுக்குது. அவ கத்துக்கிட்டா இவளுக்கும் ஒரு ஆள் பாரம் குறையும். ஒரே ஒரு ஆளுக்கு நான் எங்க போவேன்?"

"எல்லாரையும் எங்கேயாவது உக்கார வெக்கற. நீயே போய் உக்காரேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தைப் பார்த்தபடி சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவள் சிரிக்கவில்லை. பையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"பெற்றோர் அல்லது பாதுகாவலர். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"இவ்ளோ வருஷத்துல இன்னிக்குத்தான் என்னைப் பாதுகாவலர்னு ஒத்துக்கிட்ட." ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை தலைமையாசிரியை அந்தப் படிவத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டும் இறக்கிவிட்டும் படித்தார்.

"நீங்க ஆறாம் வகுப்பா, ஏழாம் வகுப்பா?"

"எதுல இடமிருந்தாலும் சரிங்க மேடம்."

"ஆபீஸ் போனை யார் எடுப்பா?"

"வாட்ச்மேன்கிட்டச் சொல்லியிருக்கேன். அவரும் 'ம்' சொல்லக் கத்துக்கட்டும்."

"பிள்ளைங்களுக்குத்தான் விதி எழுதியிருக்கோம்..." என்று இழுத்தார் தலைமையாசிரியை. பிறகு "ஏன்" என்ற இடத்தில் அவள் எழுதியிருந்ததைப் பார்த்தார். "தட்டச்சு ஏற்கெனவே தெரியும்" என்று இருந்தது. அதன் பொருள் அவருக்கு விளங்கியிருக்க வழியில்லை. இருந்தாலும் ஏனோ மேற்கொண்டு எதுவும் கேட்காமல் சுருக்கொப்பம் போட்டு நீட்டினார்.

வகுப்பில் அவள்தான் கடைசி. பதினொரு பிள்ளைகள் ஒரு வாரத்தில் பிடித்ததைப் பிடிக்க அவளுக்கு ஒரு மாதமானது. விரல்கள் தட்டச்சுக்குப் பழகியவை. எதையும் தட்டத்தான் பார்த்தன. "அட்டவணைக்கா, நீங்க இப்போ பூனைன்னு சொல்லிட்டீங்க" என்று பக்கத்து இருக்கையில் இருந்த வக்கீலின் தோழி அடிக்கடி திருத்துவாள்.

மூன்றாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறாவது பீரியடில் வாட்ச்மேன் வகுப்பு வாசலில் தலையை நீட்டினார்.

"அக்கா, அந்த வக்கீல் பொண்ணோட அப்பா வந்திருக்கார். ஏதோ சீட்டைக் காட்டறார், ஒண்ணும் வெளங்கல. மரவேலை ரூம்ல போய்ப் பொண்ணைக் கூட்டிட்டு வந்துடறேன்."

"வேண்டாம்" என்று எழுந்தாள். "நான் வர்றேன்."

அவர் அலுவலக வாசலில் நின்றிருந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டு. மகளுக்குக் கண்ணாடி போட வேண்டுமாம். என்றைக்கு விடுப்பு வேண்டும் என்று அவள் கேட்டாள். கேட்டதாக நினைத்தாள். அவர் கண்களை அகல விரித்ததிலிருந்து வேறு எதையோ கேட்டுவிட்டோம் என்று புரிந்தது. மறுபடி கேட்டாள். அவர் பொறுமையாக அவள் கட்டைவிரலைப் பிடித்துச் சரியான இடத்துக்குத் திருப்பிவிட்டார். இன்னொரு முறை கேட்டாள். வியாழன், என்றார். காலை மட்டும், என்றார். அம்மாவுக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட வர வேண்டும் என்று ஆசை, என்றார். வக்கீலைக் கூப்பிட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். கால்மணி நேரம் ஆனது. இருவருக்கும் நெற்றியில் வேர்த்திருந்தது.

போகத் திரும்பியவர் நின்றார். உள்ளங்கையைத் தட்டையாக, ஒரு சிறு பெண்ணின் உயரத்துக்குத் தாழ்த்திக் காட்டினார். எங்கே?

அவள் அலுவலகத்தை ஒட்டிய சுவரைக் காட்டினாள். அந்தப் பக்கம்தான் மரவேலை அறை. சுத்தியல்கள் விழும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அவர் சுவரருகே போய்க் கையை விரித்து வைத்தார். கொஞ்சம் இடம் மாற்றி வைத்தார். அப்படியே நின்றார்.

கூப்பிடட்டுமா என்று அவள் கையால் கேட்டாள். இந்த முறை பிழையில்லாமல் வந்தது.

அவர் மறு கையால் வேண்டாம் என்றார். சுவரிலிருந்த கையை எடுக்கவில்லை.