தலைவழியாகப் போடும் ஸ்வெட்டர்

அர்செனியோ சிகுவாய் தன் ஸ்வெட்டரைக் கழற்றுவது வருடத்தில் இரண்டே தடவை என்று தீவில் சொல்வார்கள். அதில் ஒரு தடவை பொய். ஆட்டு ரோமத்தின் நெய்ப்பசை போகாமல் அப்படியே நூற்று, மனைவி செனோபியா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் அது. புசுபுசுவென்று இருக்கும். மழை அதன்மேல் முத்து முத்தாக நிற்குமே தவிர உள்ளே இறங்காது. கடலில் விழுந்து எழுந்தாலும் நெஞ்சு கதகதப்பாகவே இருக்கும். அடுப்புப் பொறி பட்டால் கருகி உதிரும், பற்றிக்கொள்ளாது. மகள் புவெர்த்தோ மொன்ட் நகரத்திலிருந்து ஜிப் வைத்த ஜாக்கெட் ஒன்றை அனுப்பினாள். முதல் நாளே பொறி விழுந்து ஓட்டையாகிவிட்டது.

"சரசரன்னு பிளாஸ்டிக் பை மாதிரி. இதப் போட்டுக்கிட்டுப் போனா மீனு சிரிக்கும்" என்றார் அர்செனியோ.

பக்கவாதம் வந்தபின் மீனும் இல்லை, படகும் இல்லை. வலது கை தோளிலிருந்து சும்மா தொங்கியது. ஸ்வெட்டரோ தலைவழியாகப் போடுவது. இரண்டு கையையும் தூக்கினால்தான் இறங்கும். தினமும் காலையில் செனோபியா மல்லுக்கட்டினாள். ஒருநாள் நாத்தனார் தெலிசியாவும் சேர்ந்து இழுத்ததில் தோள் நகர்ந்து, மனிதர் வலியில் கத்திவிட்டார்.

மருத்துவப் படகில் வந்த நர்ஸ் இரண்டு விஷயம் சொன்னாள். "அந்தக் கையத் தூக்கவே கூடாதும்மா. நெஞ்சுலயும் குளிர் ஏறக்கூடாது. இந்த மழைக்குச் சளி கட்டிச்சுன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நேரம் இருக்காது." சொல்வது அவளுக்குச் சுலபம். அடுத்த தீவுக்குப் போய்விட்டாள்.

போர்வை போர்த்தினால் நழுவியது. இழுத்துவிட்டுக்கொள்ள அவருக்கு இருந்தது ஒரு கைதான்.

"முன்னால நெடுக வெட்டிப் பித்தான் வச்சிருங்க அண்ணி" என்றாள் தெலிசியா.

அர்செனியோவின் முகம் இறுகியது. இந்தத் தீவில் துணியை வெட்டி உடுத்துவது பிணத்துக்கு மட்டும்தான். விறைத்த கை மடங்காது அல்லவா, அதனால் முதுகுப்பக்கம் வெட்டுவார்கள். எந்த வீட்டில் ஆண் செத்தாலும் கத்தரிக்கோலோடு போய் உடுத்திவிடுகிறவர் முப்பது வருடமாக அர்செனியோதான்.

"நான் உசுரோட இருக்கேன்டி" என்றார் கோணிய வாயால்.

"முன்னாலதான வெட்டச் சொன்னேன்? முதுகுலயா வெட்டச் சொன்னேன்?"

"கத்திரி கத்திரிதான்."

செனோபியா பிரித்துப் பின்னப் பார்த்தாள். பதினாறு வருடத்தில் ரோமம் ஒன்றோடொன்று சிக்கி இறுகிப்போயிருந்தது. ஒரு கண்ணிகூட அவிழவில்லை. புதிதாகப் பின்ன நூல் கிடையாது. கோடை வந்தால்தான் ஆடுகளுக்கு ரோமம் கத்தரிப்பார்கள்.

மூன்று நாள் விடாமல் வடக்குக் காற்று அடித்தது. அடுப்பருகே வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முன்பக்கம் வெந்தது, முதுகு உறைந்தது. மூன்றாம் நாள் உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடித்தது. ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு செனோபியா எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கையாலாகாத கோபம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"கிழவி, கத்திரிய எடு."

அவள் ஸ்வெட்டரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னால வேணாம். முன்னால வெட்டினா முதுகுக்குப் பின்னால கொண்டுபோக என்னத் தூக்கிச் சாய்க்கணும், நீ தாங்கமாட்ட. முதுகுல வெட்டு. கழுத்துலேருந்து நேரா கீழ. ரெண்டு கையவும் முன்னாலேருந்து நுழைச்சிரு. தூக்கவே வேணாம்."

"என்னால ஆகாது."

"எத்தன பேருக்குப் பண்ணியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

வெட்டினாள். வெட்டு கோணலாகப் போனது. இறுகிய கம்பளியில் ஓர் இழைகூடப் பிரியவில்லை. முதலில் செத்த கையை நுழைத்தாள், பிறகு மற்றதை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அத்தனை சுலபமாக முடிந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் உதட்டில் நிறம் திரும்பியது.

"சூடா இருக்கு" என்றார். "நான் உடுத்திவிட்டவன் ஒருத்தனும் இப்படிச் சொன்னதில்ல."

தன்னைச் சிரிக்க வைக்கத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. சிரிப்பு வரவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, விலகிக் கிடந்த இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். விட்டால் குளிர் உள்ளே போய்விடும்.