அம்புரோஸ் விட்டுக்கொடுத்த கல்லறை

புருஷன் அம்புரோஸ் செத்துப்போனதைக்கூட பிளாரன்ஸ் எப்படியோ ஏற்றுக்கொண்டுவிட்டாள். அவரை வைக்க இடமில்லை என்று சொன்னதுதான் அவள் மண்டையில் ஏறவில்லை.

சொன்னவன் கல்லறைத்தோட்டத்து ஜீவமணி. காலை ஒன்பது மணிக்கு, முன்வாசல் கூட்டத்துக்குப் பயந்து, கொல்லைப்பக்கமாக வந்து குசினி வாசலில் நின்றான்.

“அக்கா, ஒங்க கல்லறையத் தொறக்க முடியாது.”

“ஏம்ல, சாவியத் தொலைச்சிட்டியா?”

“உள்ள ஆளு இருக்காவ. வச்சு மூணு வருசந்தான் ஆவுது. அஞ்சு வருசம் முடியாமத் தொறக்கக் கூடாதுல்லா?”

அம்புரோஸின் அப்பா கட்டிய குடும்பக் கல்லறை அது. கடற்கரைக் குடும்பங்களில் வழக்கம் இதுதான். ஒரே கல்லறையைத் திறந்து, பழைய எலும்புகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அடுத்தவரை வைப்பார்கள். பிளாரன்ஸின் மாமியாரை வைத்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு வீட்டில் சாவே இல்லை. பிளாரன்ஸ் விரல்விட்டு எண்ணிக்கூடப் பார்த்தாள். எல்லோரும் உயிரோடுதான் இருந்தார்கள். அப்படியானால் உள்ளே இருப்பது யார்?

ஜீவமணி சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். ஜூலியஸ் லக்ரா, வயது நாற்பத்தொன்று, ஜார்க்கண்ட் மாநிலம்.

“யாருல இது?”

“துறைமுகத்துல நிலக்கரி அள்ள வந்தவரு அக்கா. மூணு வருசம் முந்தி வந்துச்சே, அந்த வெள்ளத்தன்னைக்கு கேட்டுக்கு வெளிய நெஞ்சுவலி வந்து விழுந்துட்டாரு. கழுத்துல மாதா படம் தச்ச உத்தரியக் கயிறு கிடந்திருக்கு, நம்ம வேதக்காரருன்னு அம்புரோஸ் அண்ணாச்சி கண்டுகிட்டாவ. பொண்டாட்டிட்ட போன்ல பேசுனாவ. வர வழியில்ல, அங்கனயே வேத முறைப்படி அடக்கம் பண்ணிருங்கன்னு அந்தப் பொம்பள அழுதுச்சாம். இங்க பொதுக்குழிப் பக்கம் பூரா இடுப்பளவு தண்ணி. மேடா இருந்தது ஒங்க கல்லறை மாதிரி நாலஞ்சுதான்.”

“அதுக்கு?”

“அண்ணாச்சி, நம்மளதுல வைப்பமேன்னுட்டாவ.”

தாளின் அடியில் குடும்பத்தார் சம்மதம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே இரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து பிளாரன்ஸுடையது.

இங்கே அம்புரோஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டினார். ஓய்வு பெற்ற மறுநாளும் அதே ஆறரை மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுக வாசல் டீக்கடைக்குப் போனார். எதற்கு என்று கேட்டால், “சும்மாதாம்ளா” என்பார். அந்தச் சும்மாவில் ஊரே அடங்கியிருந்தது. தெருவுக்குக் குழாய் வேண்டுமா, கப்பலுக்குப் போனவன் மூன்று மாதமாகப் பேசவில்லையா, உப்பளத்துக்காரிக்கு முதியோர் பென்ஷன் நின்றுவிட்டதா, எல்லாம் அம்புரோஸ் அண்ணாச்சியிடம் வரும். அவர் உட்கார்ந்து மனு எழுதுவார். எந்த மனுவுக்கும் முதல் கையெழுத்து வீட்டிலிருந்துதான் வேண்டும். பிளாரன்ஸ் சாளை பொரித்துக்கொண்டிருப்பாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, படிக்காமல் போட்டுத் தருவாள். இப்படிக் குறைந்தது நானூறு கையெழுத்தாவது போட்டிருப்பாள். தன் கல்லறையையும் அதே கையோடு எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அவர் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினாரா, சொல்லாமல் வாங்கினாரா? பிளாரன்ஸ் எவ்வளவோ யோசித்தும் ஞாபகம் வரவில்லை. சொல்லியிருந்து தான் மறந்திருந்தால் தப்பு தன்மேல். சொல்லாமல் விட்டிருந்தால் அவர்மேல். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அழுகையும் வரவில்லை. நாற்பத்தாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு, கடைசியில் பக்கத்திலாவது படுக்கலாம் என்றுதான் இருந்தாள். வாழும்போதுதான் அந்த மனுஷன் வீட்டில் தங்கவேயில்லை.

மகன் ஜெனோ சென்னையிலிருந்து விடியற்காலைதான் வந்திருந்தான். தாளைப் பார்த்துக் கத்தினான். “என்னம்மா இது? யாரோ ஒரு ஆளுக்குக் கொடுத்துட்டாரா? நம்மளப் பத்தி நினைக்கவே மாட்டாரா?”

கத்தியது முன்வீடு வரைக்கும் கேட்டுவிட்டது. அங்கே ஆரம்பித்தது அடுத்த கூத்து.

“அண்ணாச்சிய எங்க கல்லறையில வைங்க” என்றார் ஒருவர். “அதெப்படி? எம் பொண்ணு ஆசுபத்திரியில கிடந்தப்ப ரத்தத்துக்கு ஆள் பிடிச்சுட்டு வந்தவரு அவரு, எங்களதுலதான்” என்றார் இன்னொருவர். நாலாம் தெருக்காரர் தன் கல்லறையில் புதிதாகப் பளிங்கு பதித்திருப்பதாகச் சொன்னார். பெட்டியைச் சுற்றி நின்று, பெண்ணெடுக்க வந்தவர்கள்போல ஆளுக்கு ஆள் தங்கள் வசதியைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பாதிக் கதை அவள் கேள்விப்படாதது. எந்தப் பெண்ணுக்கு ரத்தம்? எப்போது? இவர்கள் பேசுகிற அம்புரோஸும், உப்புக் கம்மி என்று சொல்லிவிட்டு எழுந்து போகும் அம்புரோஸும் ஒரே ஆள்தானா?

பங்குச் சாமியார் மெதுவாக அவள் பக்கத்தில் வந்து, மூன்று மணிக்குள் முடிவு சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

அப்போதுதான் விசைப்படகுக்கார ஃபிராங்க்ளின் வந்தான். சத்தம் போடவில்லை. அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

“அக்கா, எங்கப்பா கடல்ல போனது ஒங்களுக்குத் தெரியும். பதினோரு நாள் அண்ணாச்சி எங்கூட கரை கரையாத் தேடுனாவ. கிடைக்கல. அப்பாவுக்குன்னு கட்டுன இடம் காலியாத்தான் கிடக்கு. அம்மா வருசா வருசம் வெறுங் கல்லறையில மெழுகுவர்த்தி ஏத்துதா. அண்ணாச்சியத் தாங்க.”

பிளாரன்ஸ் அவன் தாயைப் பார்த்தாள். மிக்கேலம்மாள் சுவரோரம் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்கு இவள் செத்தால் அதே கல்லறையில்தான் வைப்பார்கள். அம்புரோஸுக்குப் பக்கத்தில் மிக்கேலம்மாள். தனக்குப் பக்கத்தில் ஜார்க்கண்ட்காரர். கணக்கு எங்கேயோ இடிக்கிறதே என்று தோன்றியது. சாவு வீடென்றும் பார்க்காமல் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக உடைந்தது.

“கொண்டு போ” என்றாள்.

நாலரை மணிக்கு அடக்கம் முடிந்தது. பூசைக்கு வந்த கூட்டம் தெரு முனை தாண்டி நின்றது. மிக்கேலம்மாள் மண் போடும்போது விம்மி அழுதாள். அவள் யாருக்காக அழுகிறாள் என்று பிளாரன்ஸுக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

கூட்டம் கலைந்ததும் பிளாரன்ஸ் தன் வீட்டுக் கல்லறைக்குப் போனாள். சிலுவைக்குக் கீழே மாமனார் பெயர், மாமியார் பெயர். மூன்றாவதாக ஜூலியஸ் லக்ரா என்ற பெயர், அது பொறித்ததல்ல. சிமெண்டில் ஆணியால் கீறியிருந்தது. எழுத்து அம்புரோஸுடையது. மூன்று கல்லறைத் திருநாளுக்கு வந்து மாலை போட்டிருக்கிறாள். மாலைக்கு அடியில் இதை அவள் பார்த்ததேயில்லை.

அவரைத் திட்டுவதற்கு நிறைய இருந்தது. ஆனால் அதைக் கேட்கவேண்டியவர் பத்து வரிசை தள்ளிப் படுத்திருந்தார். கையிலிருந்த மாலையில் மிச்சமிருந்த பூவைக் கீறலின்மேல் வைத்தாள். உள்ளே கிடக்கும் இந்த மனுஷனுக்கும் எங்கேயோ ஒரு பெண்டாட்டி இருக்கிறாள். தன் புருஷன் யார் வீட்டாரோடு கிடக்கிறான், அவனுக்கு யாராவது விளக்கு வைக்கிறார்களா என்று மூன்று வருஷமாக அவள் யாரைக் கேட்டிருப்பாள்?

“ஜீவமணி, அந்தத் தாள்ல இவரு பொண்டாட்டி நம்பர் இருக்கா?”

“இருக்கு அக்கா. ஆனா அந்தப் பொம்பளைக்குத் தமிழ் தெரியாதே. ஒங்களுக்கும் இந்தி தெரியாது.”

“தெரியாதுதாம்ல” என்றாள் பிளாரன்ஸ். “நீ நம்பரச் சொல்லு.”